எட்டு பிட் சிம்பொனி – 7: குறுக்கே வந்த பொலேரோ

போன வாரம் ஃபேமிகாம் கேம் கருவியின் ஒலிச் சிப்பைப் பிரித்துப் போட்டோம்: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, சாம்பிள் ஒன்று. அதற்கு மேல் வேண்டுவோர் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். முடிவே இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும் கேம் இசைக்கு, ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதும் ரசிகர்கள் எப்படி ஒரு முடிவைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். கட்டுரை எங்கே என்று அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. நானோ பொலேரோவில் சிக்கிக் கிடக்கிறேன்.

விஷயம் இதுதான். 1986 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா'வின் முகப்புத் திரைக்கு, இசையமைப்பாளர் கோஜி கோண்டோ முதலில் வைக்க நினைத்தது சொந்தச் சரக்கை அல்ல, மோரிஸ் ராவெலின் ஆர்கெஸ்ட்ரா இசையான 'பொலேரோ'வை! வேலை முடியும் தறுவாயில்தான் அதன் காப்புரிமை இன்னும் தீரவில்லை என்று தெரியவந்தது. ராவெல் இறந்தது 1937 டிசம்பரில். அன்றைய ஜப்பானியச் சட்டப்படி இறந்த பின் 50 ஆண்டு பாதுகாப்பு உண்டு. உலகப் போருக்காகக் கூட்டிக் கொடுத்த வருடங்கள் தனி. அதை விட்டுவிட்டாலும் 1987 முடிந்தாக வேண்டும். அதுவரை கேம் காத்திருக்குமா? ஆட்டத்துக்குள் ஒலிக்கும் தன் மெட்டையே எடுத்து, ஒரே நாளில் முகப்புக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக் கொடுத்தார் கோண்டோ. ரசிகர்கள் திரும்பத் திரும்ப ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பார்க்கும் மெட்டு அதுதான்.

பொலேரோவின் உரிமைக் கதை அதோடு ஓயவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. பிரான்சில் அது பொதுச்சொத்தானது 2016 மே மாதம். விட்டார்களா வாரிசுகள்? 1928-ல் பாரிஸில் நடந்த முதல் அரங்கேற்றத்துக்கு மேடை வடிவமைத்த அலெக்ஸாண்டர் பெனுவாவையும் சக படைப்பாளி ஆக்குங்கள் என்று வழக்குப் போட்டார்கள். பெனுவா இறந்தது 1960-ல். ஜெயித்திருந்தால் உரிமை 2039 வரை நீண்டிருக்கும். 2024-ல் நாந்தேர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. திரைச்சீலை வரைந்தவருக்கு மெட்டில் பங்கு கேட்ட துணிச்சலை என்னவென்று சொல்வது!

சரி, ரசிகர்களுக்கு வருவோம். கோண்டோவுக்குக் கிடைக்காத அந்தப் பொலேரோதான் அவர்களுக்கு நல்ல பாடப்புத்தகம் என்பது என் கட்சி. அதில் மெட்டு வளர்வதே இல்லை. ஸ்னேர் டிரம் ஒரே தாளத்தை விடாமல் தட்ட, அதே மெட்டு புல்லாங்குழல், கிளாரினெட், பஸூன் என்று கைமாறிக்கொண்டே போகிறது. சிப்பின் மெட்டை வாத்தியங்களுக்குப் பங்கு போடும் ரசிகர் செய்வதும் இதே வேலைதானே?

பாதியை நெருங்கும்போது, சாக்ஸஃபோன்கள் வாசித்து முடித்த கையோடு, ஓர் இடம் வருகிறது. ஹார்ன் சி மேஜரில் மெட்டை வாசிக்கிறது. செலஸ்டா அதையே மேல் ஸ்தாயிகளில் தொடர்கிறது. இரண்டு பிக்கலோக்களில் ஒன்று ஜி மேஜரிலும் மற்றொன்று ஈ மேஜரிலும் அதே மெட்டை ஊதுகின்றன. மூன்று சுதி ஒரே நேரத்தில்! அபஸ்வரமாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. அந்த ஜி-யும் ஈ-யும் ஹார்ன் ஸ்வரத்துக்குள்ளேயே ஒளிந்து ஒலிக்கும் மூன்றாவது, ஐந்தாவது மேற்சுரங்கள் (ஹார்மோனிக்ஸ்). நான்கு வாத்தியமும் கரைந்து, பெயரில்லாத ஒரே வாத்தியமாகக் காதில் விழுகிறது. சிந்தசைசர் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே காகிதத்தில் ஒரு சிந்தசைசரைக் கட்டிவிட்டார் மனிதர்.

இதே மேற்சுரக் கணக்கு சிப்புக்கும் உண்டு. மேலும் கீழும் சம நேரம் நிற்கும் சரிபாதி சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே உண்டு: மூன்று, ஐந்து, ஏழு. கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியிலும் அவைதான் தூக்கலாக ஒலிக்கும். ஆகவே சிப்பின் மணம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் மெட்டைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலோர் ஜெல்டா என்றதும் டிரம்பெட்டையும் ஹார்னையும்தான் தூக்குகிறார்கள். அதிலும் தப்பில்லை. பி ஃபிளாட்டில் அமைந்த மெட்டு. சட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டுப் படியேறி மேல் பஞ்சமத்தில் நிற்பது. பித்தளை வாத்தியக்காரர்கள் விரும்பி வாசிக்கும் சுதி. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சிப்புக்கு மூச்சு வாங்காது, டிரம்பெட்காரருக்கு வாங்கும்.

புதிதாக எழுத வருபவர்கள் சறுக்கும் இடம் வேறு. சிப்பின் சேனல்களை ஒவ்வொன்றாக மியூட் செய்து ஸ்வரம் குறிக்கும்போது, இரண்டாவது சதுர அலையில் அதே மெட்டு சற்றுத் தாமதமாகவும் சன்னமாகவும் வருவதைப் பல பழைய கேம்களில் கேட்கலாம். எதிரொலி வசதி இல்லாத சிப்பில் எதிரொலி காட்டச் செய்த தந்திரம் அது. அதை நிஜமான இரண்டாம் குரல் என்று வயலினுக்கு எழுதிக் கொடுத்தால், வயலின்காரர் பிந்தி வாசிப்பது போலத்தான் இருக்கும். அரங்கத்துக்கென்று சொந்த எதிரொலி இருக்கிறது. அந்த வரியைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

முடிவு எழுதும் விஷயம்? அதற்கும் பொலேரோவே வருகிறது: கால் மணி நேரம் சி மேஜரை விட்டு அசையாதது, கடைசியில் சட்டென்று ஈ மேஜருக்குத் தாவித் திரும்பி, சரிந்து முடிகிறது. இதை ரசிகர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அதற்குள் ஒரு தடவை பொலேரோவைக் கேட்டுவிடுங்கள். ஹெட்போனில் கேளுங்கள், செல்போன் ஸ்பீக்கரில் ஆரம்பத்து ஸ்னேர் டிரம் காதுக்கே எட்டாது.