பனிமலை ஏற்றும் நாற்காலி

பனிச்சறுக்கு மலைகளில் மக்களை அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏற்றிச் செல்லும் சேர் லிஃப்ட் என்பது, மேலும் கீழுமாக அமைந்த இரு பெருஞ்சக்கரங்களைச் சுற்றி முனையின்றி ஓடும் எஃகு வடமும், அதில் சீரான இடைவெளியில் தொங்கும் இருக்கைகளும் கொண்ட பொறியாகும். குளிர்கால விடுமுறையில் பாட்டனாரும் பேரக்குழந்தையும் ஒரே இருக்கையில் அமர்ந்து மலையேறுவது ஆல்ப்ஸ் மலையிலும் ராக்கி மலையிலும் இன்று இயல்பாகிவிட்டது. இத்தகைய பொறிகள் வருமுன், சறுக்க விரும்பியவர் பலகைகளின் அடியில் சீல் தோலைக் கட்டிக்கொண்டு, அதன் மயிர் பின்னோக்கி வழுக்காமல் தடுக்க, மணிக்கணக்கில் நடந்து ஏறவேண்டியிருந்தது. அவ்வுழைப்புக்குக் கிடைத்தது சில நிமிடச் சறுக்கலே என்பதால், முதியோருக்கும் சிறுவருக்கும் அதில் இடம் அரிதாகவே இருந்தது.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஷோலாக் என்னும் ஊரில் விடுதி நடத்திய ராபர்ட் விண்டர்ஹால்டர், நீராலையின் விசையால் ஓடும் வடத்தைப் பற்றிக்கொண்டு மேலேறும் அமைப்பை 1908இல் நிறுவினார். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் 1934இல் பொறியாளர் எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் அமைத்த இழுவைப் பொறியில், வடத்திலிருந்து தொங்கும் தண்டு சறுக்குநரின் பின்புறத்தை அணைத்து மேலே இழுத்தது. இவ்விரண்டிலும் கால்கள் பனியைவிட்டு எழவில்லை. குளிர்காலத்தில் பயணிகளை ஈர்க்க விரும்பிய யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்னும் சறுக்குமலையை 1936இல் திறந்தபோதுதான் முதல் சேர் லிஃப்ட் ஓடியது. அந்நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலுக்கு ஏற்றும் இயந்திரத்தை முன்பே அறிந்தவர். கொக்கிக்குப் பதில் நாற்காலியைத் தொங்கவிட்டால் மனிதரையும் ஏற்றலாம் என்று அவர் கண்டதே இதன் தோற்றம். நின்றுகொண்டிருப்பவரை எந்த வேகத்தில் நாற்காலி ஏந்திக்கொள்ளலாம் என்று அறிய, லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைப் பொருத்தி, சக்கரக் காலணி அணிந்தவரை நிற்கவைத்துச் சோதித்தனர்.

இப்பொறியில் வியப்புக்கு மிகவும் உரியது, பலரும் கவனிக்காத வடமே. எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த புரிகள், பெரும்பாலும் ஆறு, ஒரு நடுத்தண்டைச் சுற்றி முறுக்கப்பட்டு வடமாகின்றன. மலைக்கு வந்து சேரும்போது இரு முனைகளுடன் இருக்கும் இவ்வடத்தை வளையமாக்க, முடிச்சோ பூட்டோ போட இயலாது. ஏனெனில் தடித்த எந்தப் பகுதியும் கப்பிகளின்மேல் ஓடாது. ஆகவே இரு முனைகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றை உருவிய பள்ளத்தில் மற்றொன்றைப் படியவைத்து, புரிமுனைகளை நடுத்தண்டு நீக்கப்பட்ட இடத்தில் செருகிவிடுகின்றனர். வடத்தின் விட்டத்தைப்போல் சுமார் 1,200 மடங்கு நீளத்துக்கு, அதாவது 40 மில்லிமீட்டர் வடமெனில் 48 மீட்டர் அளவுக்கு, இவ்விணைப்பு நீளும். பசையோ பற்றவைப்போ இதில் இல்லை. வடம் இழுக்கப்படும்போது வெளிப்புரிகள் உள்ளே செருகிய முனைகளை நெருக்கும் உராய்வே முழுச் சுமையையும் தாங்குகிறது. கையால் செய்யப்படும் இவ்வேலை, பொறியியலுக்கு இணையான கைவினை என்றே மதிக்கத்தக்கது.

இருக்கையை வடத்தோடு பிணைப்பது கவ்வி. பழைய வகையில் கவ்வி வடத்தில் நிலையாக இறுகியிருப்பதால், ஏறுமிடத்திலும் இருக்கை வடத்தின் வேகத்திலேயே வரும். எனவே அவ்வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் அளவைத் தாண்டுவது அரிது. ஒரே இடத்தில் இறுகி நின்றால் வடம் அங்கே தேயும் என்பதால், அக்கவ்விகளை அவ்வப்போது சற்று நகர்த்திப் பூட்டுகின்றனர். கழலும் கவ்வி இத்தடையை நீக்கியது. நிலையத்துக்குள் நுழைந்ததும் சுருள்வில்லின் பிடி திறந்து, இருக்கை வடத்தைவிட்டுத் தண்டவாளத்துக்கு மாறி, ரப்பர் சக்கரங்களால் நடைவேகத்துக்குத் தணிக்கப்படுகிறது. மக்கள் ஏறியபின் வடத்தின் வேகத்தை மீண்டும் எட்டியே அதைக் கவ்வுகிறது. இதனால் மலைமீது நொடிக்கு 5 மீட்டர் வேகமும் ஏறுமிடத்தில் நிதானமும் ஒருங்கே கிடைத்தன. நால்வர் அமரும் இவ்வகை அதிவேக லிஃப்ட் முதன்முதலில் 1981இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் மலையில் ஓடியது.

மின்மோட்டார் நின்றால் இயக்க டீசல் எஞ்சினும், வடம் பின்னோக்கி ஓடாதிருக்கப் பெருஞ்சக்கரத்தையே பற்றும் தடுப்பும் உண்டு. இருப்பினும் இடர்கள் பெரும்பாலும் ஏறும் கணத்திலும் இறங்கும் கணத்திலுமே நேர்கின்றன. குல்மார்க்கிலோ ஔலியிலோ குடும்பத்துடன் இப்பொறியில் ஏறுவோர், முதுகுப்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதும், தொங்கும் பட்டைகளை ஒடுக்கிக்கொள்வதும், தடுப்புக்கம்பி இருந்தால் அமர்ந்தவுடன் இறக்குவதும், லிஃப்ட் இடையில் நின்றாலும் குதிக்காமல் காத்திருப்பதும் இன்றியமையாதவை. சிறுவருடன் செல்வோர் அதை முன்கூட்டியே பணியாளரிடம் தெரிவித்தால், அவர் வேகத்தைக் குறைத்துத் தருவார்.