உறங்கும் லோரியை எழுப்பும் முறை



பழைய தோட்டங்கள் சிலவற்றில், துருவேறிய தகரக் கொட்டகையினுள் முப்பது நாற்பது ஆண்டுகளாக அசையாது நிற்கும் லோரிகளை இன்றும் காணலாம். ஒரு காலத்தில் இரப்பர்ப் பாலையும் உர மூட்டைகளையும் சுமந்தவை அவை. தோட்ட மக்களைத் திருவிழாவுக்கும் மருத்துவமனைக்கும் ஏற்றிச் சென்றவையும் அவையே. "இந்த லோரி மீண்டும் ஓடுமா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முறையறிந்து முயன்றால் பெரும்பாலும் ஓடும். முறை தவறினாலோ, நாற்பது ஆண்டு உறக்கம் செய்யாத கேட்டை ஒரு மணி நேர அவசரம் செய்துவிடும். அம்முறையை இக்கட்டுரையில் காண்போம்.

எடுத்துக்காட்டாகப் பெட்ஃபோர்ட் லோரியைக் கொள்வோம். இங்கிலாந்தின் லூட்டன் நகரில் அந்நாளில் இயங்கிய வாக்ஸ்ஹால் நிறுவனம் 1931ஆம் ஆண்டில் இப்பெயருடைய லோரிகளைச் செய்யத் தொடங்கிற்று. 1939இல் வெளிவந்த 'ஓ' வகை லோரி 1953 வரை செய்யப்பட்டது. அதன் பெட்ரோல் எஞ்சின் ஆறு சிலிண்டர்களை உடையது. கொள்ளளவு 3,519 கன சென்டிமீட்டர். இக்கால வண்டிகளில் உள்ள மின்னணுக் கருவிகள் எவையும் அதில் இல்லை. கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பழுதறியத் தக்க இயந்திரம் அது.

உறக்கத்தில் நிகழ்வது என்ன?

நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு பிறக்கும். எஞ்சினுள் சிலிண்டர்ச் சுவரைக் காத்திருந்த எண்ணெய் நாளடைவில் கீழே வடிந்துவிடும். எஞ்சின் எந்நிலையில் நின்றாலும் சில வால்வுகள் திறந்தே இருக்கும். அவ்வழியே ஈரக் காற்றுப் புகுந்து, பிஸ்டன் வளையங்களைச் சுவரோடு துருவினால் ஒட்டிவிடும்.

பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிவிட, எஞ்சியது பிசின்போல் தடித்துக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். மின்கம்பிகளின் உறையை எலி கடித்திருக்கும். நம் முன்னோர் வெட்டிய பால்மரம் தந்த இரப்பரும் காலத்துக்குத் தப்பாது. பிராணவாயுவும் ஓசோனும் தாக்க, அது இறுகி வெடிக்கும்.

முதலில் கேள்வி, பிறகு கருவி

லோரியைத் தொடுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "இஃது எதனால் நிறுத்தப்பட்டது?" புதிய லோரி வந்ததால் நிறுத்தினார்களா? கியர்ப் பெட்டி உடைந்ததாலா? பிரேக் பிடிக்காததாலா? இதற்கு விடை கூறவல்லவர் அதனை ஓட்டிய பழைய டிரைவரும், பட்டறையில் அதனைப் பழுது பார்த்தவருமே. அவர் சொல்லும் ஒரு வாக்கியம் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

பின்னர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். இருக்கையின் கீழும் எஞ்சின் மூடியின் கீழும் பாம்போ குளவிக் கூடோ உண்டா எனப் பார்த்த பிறகே கையை நீட்டுக.

எஞ்சினை எழுப்புதல்

பலர் செய்யும் பிழை, லோரியை வேறொரு வண்டியில் கட்டி இழுத்து எஞ்சினை ஓடவைக்க முயல்வதாகும். ஒட்டிய வளையம் அதனால் முறியும். இறுகிய வால்வினால் அதனைத் தள்ளும் கோல் வளையும். மாறாக, ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இலேசான எண்ணெய் சிறிது விட்டுச் சில நாள் பொறுத்திருக்க வேண்டும். எண்ணெய் துருவினூடே மெல்ல ஊறி இறங்கும்.

அந்நாள்களில் வேறு பணிகளை முடிக்கலாம். பழைய எஞ்சின் எண்ணெயை வடித்தெடுத்தால், எண்ணெயினும் கனமான நீர் அடியில் தங்கியிருப்பது தெரியவரும். புதிய எண்ணெய் ஊற்றி, ரேடியேட்டரைக் கழுவி, வால்வுகள் தடையின்றி அசைகின்றனவா எனக் காண்க. பெட்ரோல் தொட்டியையும் வடித்துவிடுக. அதனுள் பார்க்கத் தீக்குச்சி கொளுத்துதல் உயிருக்கே கேடு. வெறுந்தொட்டியில் தங்கிய ஆவியே வெடிக்கவல்லது.

அதன்பின், முன்புறம் செருகிச் சுழற்றும் இரும்புக் கைப்பிடியால் எஞ்சினை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாவிடில் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை. தடையின்றிச் சுழன்ற பிறகே பிளக்குகளைப் பொருத்துக. எஞ்சினை முடுக்கும்போது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் இருத்தல் வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால், கைப்பிடியைச் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துபோகும்.

முதல் ஓட்டத்திற்குப் பழைய தொட்டியை நம்பாது, சிறு கலத்தில் புதிய பெட்ரோல் வைத்துக் கொடுப்பது நலம். கொட்டகைக் கதவுகள் திறந்திருக்கட்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் இன்றி ஆளைக் கொல்லும் நச்சு. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழாவிடில் உடனே நிறுத்துக.

ஓடுமுன் நிற்கவேண்டும்

எஞ்சின் முழங்கியதும் எல்லாருக்கும் மகிழ்ச்சி பொங்கும். பிள்ளைகள் பின்னால் ஏறிக்கொள்வர். "சாலை வரை ஓட்டிப் பார்ப்போமே" என ஒருவர் சொல்வார். ஆபத்தான வேளை அதுவே. எஞ்சின் ஓடாத லோரி எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பிரேக் இல்லாது ஓடும் லோரியோ தோட்டத்து மேட்டுச் சாலையில் எமனாகும்.

பிரேக் மிதியை அழுத்தினால், குழாய்களிலுள்ள திரவம் அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும். அழுத்தம் கசியாது தடுப்பவை கட்டைவிரல் அளவேயான இரப்பர்க் கிண்ணங்கள். அவை வெடித்திருந்தால் திரவம் ஒழுகிவிடும். அக்கால லோரிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த்தொடர் ஆதலால், ஓரிடத்துக் கசிவு பிரேக் முழுவதையும் செயலிழக்கச் செய்யும். கிண்ணங்களையும் இரப்பர்க் குழாய்களையும் திரவத்தையும் புதிதாக மாற்றாமல் ஒரு முழம் கூட ஓட்டலாகாது. திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றவே கூடாது. அஃது இரப்பரை ஊதச் செய்து கெடுக்கும்.

டயர்களும் அவ்வாறே. பூ அழியாத டயராயினும், பக்கங்களில் வெடிப்பிருந்தால் தள்ளுக. வளையம் பூட்டிய சக்கரத்துக்குக் காற்றடிக்கையில் அவ்வளையம் தெறித்து ஆளைக் கொன்றுவிடக் கூடும். அதனைப் பயிற்சி பெற்றவரிடமே விடுக. பொதுச் சாலையில் செல்லப் பதிவும் சாலை வரியும் காப்புறுதியும் வேண்டும் என்பதையும் மறவற்க.

மாணவர்களே! கேட்டல், பொறுத்தல், நிறுத்தும் வழியை உறுதி செய்தல், பின்னரே ஓட்டுதல்: இதுவே வரிசை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லோரிகளும் பழைய இரும்பாக விலைபோகின்றன. அவற்றை ஓட்டியவர்களும் மூப்பெய்தி வருகிறார்கள். உங்கள் பாட்டனாரோ அயலவரோ லோரி டிரைவராகவோ பட்டறைத் தொழிலாளராகவோ இருந்திருப்பின், இந்த விடுமுறையில் அவர் அருகே அமர்ந்து கேளுங்கள். எந்த ஒலி எந்தப் பழுதைக் காட்டும், எந்த மேட்டில் எந்தக் கியர் போடவேண்டும் என்பன அவர் அறிவார். அவர் கூறுவனவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். லோரியின் உறுப்புகளை வேறிடத்தில் தேடிப் பெறலாம். அவர் அறிவை அவரிடமன்றி வேறெங்கும் பெற இயலாது.