சாவு மாலையில் மணப்பது மெக்சிகோ, தெரியுமா?

ஓரிக்கையில் ஒரு சாவுச் சேதி வந்தால், சொந்தக்காரர்களின் வண்டி முதலில் திரும்புவது காஞ்சிபுரம் பூக்கடைச் சத்திரம் பக்கம்தான். சம்பங்கி, துலுக்கச் சாமந்தி, நடுநடுவே வாடாமல்லி, அரளி என்று மாலை தயாராகிவிடும். தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் போட்ட மாலை என்றுதானே நினைக்கிறோம்?

சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ! துலுக்கச் சாமந்தியும் அதே மண்ணில் பிறந்தது! வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான்! ஐரோப்பியரின் கப்பல்கள் அந்தக் கரையைத் தொட்ட பிறகே இவை நம்மிடம் வந்தன. பக்கத்து உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு வெட்டப்பட்ட 10ஆம் நூற்றாண்டில், இந்த வட்டாரத்தில் யார் கழுத்திலும் துலுக்கச் சாமந்தி மாலை விழுந்திருக்காது!

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. மெக்சிகோக்காரர்களுக்கும் துலுக்கச் சாமந்திதான் இறந்தவர்களின் பூ! நவம்பர் 1, 2 தேதிகளில் அந்தப் பூவின் இதழ்களை வழியெங்கும் தூவி வைக்கிறார்கள், போன உயிர் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பட்டும் என்று. நாம் வழியனுப்பத் தூவுகிறோம். அவர்கள் வரவழைக்கத் தூவுகிறார்கள். பூ ஒன்றுதான்!

அப்படியானால் பழந்தமிழர் என்ன செய்தார்கள்? போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள். மயிற்பீலியும் பூமாலையும் சூட்டினார்கள். இன்றும் ஈழத்தமிழர்கள் போரில் மாண்டவர்களை நவம்பர் 27 அன்று நினைப்பது கார்த்திகைப்பூவோடு. அதுதான் செங்காந்தள், நம் மாநில மலர்!

பிணத்துக்குப் பூ வைப்பது எவ்வளவு பழைய பழக்கம் தெரியுமா? இஸ்ரேலின் ராக்கெஃபெட் குகையில் 11,700 ஆண்டுகளுக்கும் முந்தைய புதைகுழிகள் கிடைத்தன. குழியின் அடியில் பூச்செடிகளைப் பரப்பி, அதன்மேல் உடலைக் கிடத்தியிருக்கிறார்கள். செடிகள் மக்கிப் போயும் அவற்றின் அச்சு மண்ணில் பதிந்து நின்றுவிட்டது! 2013இல் ஆய்வாளர்கள் அதை உலகுக்குச் சொன்னார்கள்.

பூவைத் தேர்ந்தெடுப்பதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. பிரான்சில் விருந்துக்குப் போகும்போது சாமந்திக் கொத்து எடுத்துப் போய்விடாதீர்கள். அது அங்கே கல்லறைப் பூ! ஜப்பானில் வெள்ளைச் சாமந்தி துக்கத்துக்கு உரியது. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் மலர்வளையம் பொருந்தும். இஸ்லாமியர் வீட்டு மௌத்துக்குப் பொதுவாக மாலை வேண்டியதில்லை. வெறுங்கையோடு போய் நிற்பதே மரியாதை. ஓரிக்கைப் பாலாற்றங்கரையில் கருங்கல்லில் மணிமண்டபம் எழுந்திருக்கிறதே, அதற்குரிய காஞ்சி மடத்து மகாபெரியவர் 1994 ஜனவரி 8 அன்று சித்தியடைந்தார். அவரைப் போன்ற துறவிகளுக்குத் துளசியும் வில்வமும் போதும், விலை உயர்ந்த பூ எதுவும் தேவையில்லை.

இப்போது அரளிக்கு வருவோம். விலை மலிவு, நிறம் பளிச், மாலையில் எடுப்பாக நிற்கும். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு; இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும்! 2024இல் கேரளத்துத் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்றே நிறுத்திவிட்டது. நாமோ பாடை போகும் வழியெல்லாம் மாலையைப் பிய்த்து எறிகிறோம். பின்னால் வரும் மாடும் ஆடும் அதைத்தான் மேய்கின்றன. மழைத் தூறலில் நசுங்கிய பூவில் இருசக்கர வண்டி வழுக்குகிறது. ஒரு சாவு இன்னொரு சாவுக்குக் காரணமாகலாமா? என் மனசு பொறுக்கவில்லை.

அடுத்த முறை மாலை சொல்லும்போது, "அரளி வேணாம்ணா, பிளாஸ்டிக் ஜிகினாவும் வேணாம், வாழைநாருல கட்டுங்க" என்று கேட்டு வாங்குங்கள். பங்காளிகள் ஆளுக்கொன்று வாங்காமல், வீட்டுக்கு ஒன்று என்று பேசி வையுங்கள். போனவர் ஆசையாக வைத்துக்கொண்ட பூ மல்லியோ கனகாம்பரமோ என்றால், இரண்டு முழம் அதையே வாங்கிப் போங்கள். சாலையில் மட்டும் எறியாதீர்கள். இடுகாடுவரை கொண்டுபோய் அங்கேயே குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுங்கள்.