நீதிமன்றத்திலும் நெடுஞ்சாலையிலும்: நெதர்லாந்தின் காலநிலைப் போராட்டங்கள்

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல் ஏறினால் முதல் அடி விழும் நாடுகளில் அதுவும் ஒன்று. அப்படியிருந்தும் கரியமில வாயுவைக் குறைப்பதில் அரசு மெத்தனம் காட்டியதால், 'உர்கெண்டா' என்ற அமைப்பு 886 குடிமக்களைச் சேர்த்துக்கொண்டு அரசின் மீதே வழக்குத் தொடுத்தது.

கேட்டது இதுதான்: 2020 முடிவதற்குள், 1990-ஆம் ஆண்டு அளவைவிட உமிழ்வு 25 சதவீதமாவது குறைய வேண்டும். அரசின் திட்டங்களோ அதிகபட்சம் 17 சதவீதத்தைத்தான் எட்டியிருக்கும். உலக உமிழ்வில் தங்கள் பங்கு மிகச் சொற்பம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. பங்கு சிறியதென்றாலும் கடமை உண்டு என்றது நீதிமன்றம். 2015-இல் ஹேக் மாவட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, வாழ்வுரிமையின் அடிப்படையில் 2019 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எப்படிக் குறைப்பது என்பதை மட்டும் அரசின் பொறுப்பில் விட்டது.

இந்த வழக்கின் அழுத்தத்தில், 2024 வரை இயங்க வேண்டிய ஆம்ஸ்டர்டாமின் ஹெம்வெக் நிலக்கரி மின்நிலையம் 2019 இறுதியிலேயே மூடப்பட்டது. 2020-இல் இலக்கும் எட்டப்பட்டது. கொரோனா முடக்கமும் அதற்குக் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறு ஆண்டே உமிழ்வு மீண்டும் ஏறியது.

எண்ணெய், எரிவாயு, நிலக்கரிக்கு அரசு தரும் வரிச்சலுகைகளை இந்தத் தீர்ப்பு தொடவில்லை. அதற்காகத்தான் 'எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன்' அமைப்பினர் ஹேக் நகருக்குள் வரும் ஏ12 நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2023 செப்டம்பர் 9 அன்று மட்டும் சுமார் 2,400 பேர் கைதானார்கள். போலீசார் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். நனைந்தபடி அசையாமல் இருந்தவர்களைத் தூக்கிப்போய்ப் பேருந்துகளில் ஏற்றினார்கள். அடுத்த நாளும் கூட்டம் வந்தது.

சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு 3,750 கோடி யூரோ என்று தன்னார்வ அமைப்புகள் கணக்கிட்டிருந்தன. அதே மாதம் அரசே வெளியிட்ட கணக்கு 3,970 கோடியிலிருந்து 4,640 கோடி வரை போனது. மறியலின் பெரிய வெற்றியாக நான் கருதுவது இதையே: யாரும் பேசாத செலவு நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்தது. அக்டோபர் 10 அன்று, சலுகைகளை நீக்கும் வழிகளை வகுக்குமாறு அரசைக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. மறியல் நிறுத்திவைக்கப்பட்டது.

ஆனால் தீர்ப்புக்கு இருக்கும் பிடி தீர்மானத்துக்கு இல்லை. ஆட்சி மாறினாலும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். தீர்மானமோ அடுத்த நாடாளுமன்றத்தின் மனப்போக்கை நம்பியிருக்கிறது. நவம்பர் 22 தேர்தலில், காலநிலைக் கொள்கைகளைக் கடுமையாக எதிர்க்கும் கீர்ட் வில்டர்ஸின் கட்சி முதலிடம் பிடித்தது. மறியல் 2024-இல் மீண்டும் தொடங்கியது. ஏப்ரலில் அங்கே பிடித்துச் செல்லப்பட்டவர்களில் காலநிலைச் செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பர்க்கும் ஒருவர்.