இசைவாக்கம்

நம் நாட்டு உயிரியற் பாடநூல்களில் வழங்கும் சொல் இசைவாக்கம். தமிழகத்தார் இதனைத் தகவமைப்பு என்பர். இசைவு என்பது பொருந்துதல். தான் வாழும் சூழலுக்குப் பொருந்துமாறு ஓர் உயிரினம் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற அமைப்பே இசைவாக்கமாகும். நுவரெலியாக் குளிருக்குச் சில நாளில் நம் உடல் பழகுவது இசைவாக்கமன்று, அது பழக்கப்படுதலே.

புத்தளக் கடனீரேரிக் கரையிலே கண்டல் மரங்கள் உள்ளன. காற்றுப் புகாத சேற்றினின்று அவற்றுட் சிலவற்றின் மூச்சுவேர்கள் மேனோக்கி எழுந்து நிற்கின்றன. இஃது இசைவாக்கம். ஆயினும், அவ்வேர்களை மண்ணிட்டு மூடினால் மரம் மடியும். எண்ணற்ற தலைமுறைகளில் அமைந்த பொருத்தத்தைச் சில நாளில் மாற்றிக்கொள்ள அதற்கு இயலாது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர், சூழலை எவ்வாறு சிதைத்தாலும் உயிர்கள் இசைந்துவிடும் என்றே எண்ணுவர்.