மண்ணில் விளையும் மணிமாலை
ஓய்வு நேரத்தில் ஒரு கைத்தொழில்

தங்கம் விற்கிற விலையில், மாதச் சம்பளக்காரர் மகளுக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கவே பலமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது. மண் நகைகளுக்கோ பெங்களூர், மும்பைக் கடைகளில் நல்ல கிராக்கி. கடைக்காரர்கள் 'டெரகோட்டா' என்று சொல்வது வேறொன்றும் இல்லை, நம் சுடுமண்தான்!

இது புது நாகரிகமும் அல்ல. சிந்துவெளி மக்கள் சுடுமண் மணிகளை அணிந்தார்கள். 2015-ல் அகழாய்வு தொடங்கிய கீழடியிலும் சுடுமண் மணிகள் கிடைத்துள்ளன.

மண் பதம்

களிமண்ணை ஊறவைத்து, கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். சுண்ணாம்புக் கல் துணுக்கு ஒன்று தங்கிவிட்டாலும் ஆபத்து. சுட்ட பிறகு அது ஈரத்தை இழுத்து உப்பி, மணியைப் பிளந்துவிடும். வடித்த மண் இறுகியதும், உள்ளே காற்று தங்காதபடி நன்றாகப் பிசைந்து உருட்டலாம். பாதி காய்ந்த பதத்தில் ஈர்க்கால் துளையிட வேண்டும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். ஆகவே துளை சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்.

அலங்காரம்

பேனா மூடி, சீப்பு, சிப்பி, வலைத்துணி எதை அழுத்தினாலும் ஒரு கோலம் பதியும். வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் மெருகு ஏறும். பிறகு நிழலில் பல நாள் உலரவேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் மணி வெடிக்கும். 40 மணி தேவை என்றால் 50 உருட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

சூளை

அடுக்குமாடி வீட்டில் சூளை மூட்ட முடியாது. பெங்களூர் பாட்டரி டவுன், மும்பை தாராவியின் கும்பார்வாடா, டில்லி உத்தம் நகர் போன்ற இடங்களில் குயவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பார்க்கலாம். தாராளமாகக் காற்று பட்டுச் சுட்டால் மணி சிவக்கும். காற்றை அடைத்துப் புகை மூட்டினால் கறுக்கும்.

சரியாகச் சுட்டதா என்பதை அறிய, ஒரு மணியை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். வேகாத மண் கரைந்துவிடும். வெயிலில் காயவைத்ததைச் சுடுமண் என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

வண்ணமும் விலையும்

போஸ்டர் வண்ணம் மலிவு. ஆனால் வியர்வை பட்டால் கரைந்து புடவையில் ஒட்டும். அந்த வாடிக்கைக்காரர் திரும்ப வரமாட்டார். அக்ரிலிக் வண்ணமே நிலைக்கும்.

விலை வைக்கும்போது கொக்கி, நூல், வண்ணம், சூளைக் கூலி ஆகியவற்றோடு உடைந்த மணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டில் செய்வதுதானே என்று பலர் தங்கள் உழைப்பை மறந்துவிடுகிறார்கள். உருட்டிய நேரத்துக்கும் கூலி போட்டுப் பார்த்து, அதற்கு மேல் மிஞ்சுவதே லாபம்!