மண்ணுள் மறைந்த தொட்டிகள்

சென்ற கோடை விடுமுறையில் கிழக்குத் தாம்பரத்தில் நண்பரொருவரின் பாட்டனார் கட்டிய வீட்டை இடித்துப் புதுப்பிக்கும் வேலை நடைபெற்றது. கொல்லையில் தென்னை மரத்தடியில் கடப்பாறை ஒரு கற்பலகையின்மேல் ணங்கென்று மோதிற்று. பெயர்த்து நோக்க, கீழே இருண்டதொரு தொட்டி. வீட்டார் ஒருவரும் அதனை அறியார். உள்ளே யாதுளதெனக் காணும் ஆவலால் இளந்தொழிலாளி ஒருவன் ஏணியை இறக்கினான். மேஸ்திரியார் ஓடிவந்து அவன் தோளைப் பற்றி, "இறங்காதே தம்பி! பழைய செப்டிக் டாங்க் அது" என்றார். அவர் வர ஒரு கணம் தாழ்த்திருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்னும் எண்ணமே இதனை எழுதத் தூண்டிற்று.

வீட்டார் புதைத்து மறந்த தொட்டி நம்மூர்க்கே உரியதன்று. அமெரிக்கா, கனடா முதலிய குளிர்நாடுகளில் வீட்டை வெம்மையுறச் செய்யும் எண்ணெயை இரும்புத் தொட்டிகளில் நிரப்பித் தோட்டத்தில் புதைத்து வைத்தனர். பின்னர் எரிவாயுவும் மின்சாரமும் வரவே, அவை மண்ணுள்ளேயே கைவிடப்பட்டன. இரும்பு துருவேறி ஓட்டைப்பட, எண்ணெய் கசிந்து நிலத்தையும் நீரையும் கெடுக்கும். ஆதலின் எஞ்சிய எண்ணெயை இறைத்து, தொட்டியைத் தோண்டியெடுத்து, மண்ணையும் சோதிக்கின்றனர். எடுக்க இயலாதவிடத்து மணல் முதலியவற்றால் நிரப்பி விடுகின்றனர்.

நமக்கோ குளிர்காய எண்ணெய் வேண்டா. நம் கொல்லைகளில் மறைந்திருப்பது வேறு. 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் காமெரன் என்பார் செப்டிக் டாங்க் என்று பெயரிட்டு அமைத்த முறை அது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இவண் குடிபெயர்ந்த பின்னரும், சேலையூர், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் முதலிய இடங்களில் தோட்டமும் கிணறுமாக வீடுகள் எழுந்தபோது, பாதாளச் சாக்கடை இன்மையின் வீடுதோறும் தொட்டி வேண்டியதாயிற்று. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாயிற்று. சாக்கடைக் குழாய் வந்த தெருக்களில் வீட்டார் அதனோடு இணைப்புப் பெற்றுப் பழைய தொட்டியை மறந்துவிடுகின்றனர்.

பயன்படாத தொட்டி வெறுந்தொட்டி என்று எண்ணுதல் பெரும்பிழை. அடியில் உறைந்த சேறு காற்றின்றி அழுகி, மீதேன், ஹைட்ரஜன் ஸல்பைட் என்னும் வாயுக்களைப் பல்லாண்டு ஈனும். பின்னையது காற்றினும் கனமானது, அடியிலேயே தங்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டை போல நாறும். மிகுந்தாலோ மோப்ப உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் நின்றது, இனி அஞ்சவேண்டா என்று இறங்குபவன் அக்கணமே வீழ்வான். அவனைத் தூக்கச் சென்றவனும் வீழ்வான். செய்தித்தாளில் இருவர் மூவர் ஒருங்கே இறந்தனர் எனக் காண்பது இதனாலேயே. பாழ்ங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். ஈண்டு அதுவும் ஆகாது, மீதேன் தீப்பற்றும்.

தக்க காப்பின்றி ஆளை இத்தொட்டியில் இறக்குதலை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. முதற் குற்றத்திற்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் அளிக்கவேண்டுமென 2023-இல் உச்சநீதிமன்றம் விதித்தது. ஆயினும் மேஸ்திரியார் அறிந்ததைப் படித்த நாம் அறியாதிருந்தோம் என்பதை நாணத்துடன் ஒப்புகிறேன்.

செய்யத்தக்கது அரிதன்று. முதற்கண் வீட்டிலிருந்து வரும் குழாயை அடைக்கவேண்டும். பலகைகளை அகற்றி வாயு வெளியேற விட்டு, கழிவுநீர் லாரியின் குழாயால் மேலிருந்தே உறிஞ்சவேண்டும். இறுகிய சேற்றை நீர் பாய்ச்சிக் கரைத்து மீண்டும் உறிஞ்சவேண்டும். பின்பு இயந்திரத்தால் அடித்தளத்தை உடைத்துவிட வேண்டும். இன்றேல் மழைநீர் தேங்கும். கடைசியாக மணலும் உடைகல்லும் படிப்படியாகக் கொட்டி, நீரூற்றி இறுக்குதல் வேண்டும்.

கிணறுள்ள வீட்டிற்கு இது மேலும் இன்றியமையாதது. இப்பகுதியில் மண்ணின்கீழ் இருப்பது கரும்பாறை. பல்லாவரத்துக் குன்றுகளில் ஹாலந்து என்பார் ஆராய்ந்து 1893-இல் சார்னோக்கைட் எனப் பெயரிட்டது இவ்வினமே. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லும் இதுவேயாதலின் அப்பெயர். பாறை கெட்டியாயினும் அதன் வெடிப்புகளில் நீர் ஓடும். தொட்டியில் கசிந்தது அவ்வழியே கிணற்றையும் அடையக்கூடும்.

நண்பர் வீட்டில் லாரி இருமுறை வந்தது. ஏணி கொல்லைச் சுவரிற் சாய்த்தபடியே இருந்தது; ஒருவரும் இறங்கவில்லை. தொட்டியிருந்த இடத்தைப் புதிய வீட்டின் வரைபடத்தில் சிவப்பு மையாற் குறித்து வைத்துள்ளனர்.